நீலவேணி இல்லத்தில் ஒரு மாடு

இருநூற்றுப் பதினாறு பேர் ‘சூப்பர்’ என்று எழுதியிருந்தார்கள். இதயம், கைதட்டல், ரோஜாப்பூ என்று பொம்மை போட்டவர்களைச் சேர்த்தால் இன்னும் கூடும். இருநூற்றுப் பதினேழாவது ஆள் எதையும் எழுதவில்லை. மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினார். அன்று மாலைக்குள் கதையே காணாமல் போய்விட்டது.

அந்த இருநூற்றுப் பதினேழாவது ஆளின் பெயர் சுமித்ரா. திருச்சானூரில் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறார். சாவி கொடுப்பது, ஆதார் கார்டை நகலெடுப்பது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்ற கேள்விக்குத் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பதில் சொல்வது இவையெல்லாம் வேலை. மதியம் பழைய ஆட்கள் காலி செய்து புதிய ஆட்கள் வருவதற்கு நடுவே கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்போது மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அங்கே கொடிகளில் லாட்ஜின் வெள்ளைப் போர்வைகள் காயும். அந்த நிழலில் உட்கார்ந்து போனில் கதை படிப்பார். எல்லாம் ஒரே வீட்டைப் பற்றிய கதைகள்.

அந்த வீடு ‘நீலவேணி இல்லம்’. நான்கு வருடம் ஓடிய தொலைக்காட்சித் தொடர். பெரிய பங்களா, மாடிப்படி, தொங்கு விளக்கு, வாயைத் திறந்தால் மூடாத ஒரு மாமியார், மூன்று மருமகள்கள். சின்ன மருமகள் மாலதி ஒருநாள் மாமியாரிடம் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியுடன் பெங்களூருக்கு பஸ் ஏறினாள். ஏறியவள் திரும்பவில்லை. நடிகைக்கு வேறு வாய்ப்பு வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். தொடர் அவளை அப்படியே விட்டுவிட்டு இன்னும் ஒன்றரை வருடம் ஓடி, ஒரு கல்யாணத்தோடு முடிந்தது. வீட்டில் யாரும் மாலதி எங்கே என்று கேட்கக்கூட இல்லை.

கேட்டவர்கள் பார்வையாளர்கள்தான். திருத்தணியிலிருந்து ரேஷ்மா என்ற கல்லூரிப் பெண் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். வேலூர், ஆரணி, சென்னை, சித்தூர் என்று ஆள் சேர்ந்தது. மாலதிக்கு என்ன ஆயிற்று என்று ஆளுக்கொரு கதை எழுதினார்கள். ஃபேன் ஃபிக்‌ஷன் என்று வெளியே சொல்வார்கள். குழுவுக்குள் அதற்குப் பெயர் ‘நம்ம கதை’. எழுதியதைக் கதைச் செயலியில் ஏற்றுவது, குழுவில் இணைப்பைப் போடுவது, பாராட்டுக்குக் காத்திருப்பது, இதுதான் வழக்கம்.

பாராட்டு தாராளமாகக் கிடைத்தது. குறை சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. சொன்னால் சண்டை வந்தது. ஒரு பெண் இன்னொருவரின் கதையில் மாலதி ஒரே அத்தியாயத்தில் மூன்று முறை மயங்கி விழுகிறாள் என்று சொல்லப்போய், இரண்டு பேரும் ஒரு மாதம் பேசவில்லை.

சுமித்ரா எழுதியதில்லை. படிப்பார், படித்ததைத் திருப்பிச் சொல்வார்.

இதை அவர் நகரியில் கற்றார். அப்பாவும் அம்மாவும் பவர்லூம் ஓட்டினார்கள். கரண்ட் இருக்கும்போது தறியை நிறுத்த முடியாது. சீரியல் வரும் நேரத்தில்தான் கரண்டும் இருக்கும். ஆகவே தெருவில் யாராவது ஒருவர் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்துவிட்டு வந்து, தறிகளுக்கு நடுவில் நின்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் தெருவில் அந்த வேலை பள்ளிக்கூடம் விட்டு வரும் சுமித்ராவுக்கு. தறிச் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல முடியும். கத்திச் சொல்லும்போது தேவையில்லாதது தானாக உதிர்ந்துவிடும். மாமியார் போல முகத்தைக் கோணிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் புரியாது. கேட்பவர்களின் கண் நூலிலேயே இருக்கும். எந்த இடத்தில் அவர்கள் நூலை விட்டு நிமிர்ந்து பார்த்தார்களோ அந்த இடத்தில் கதை பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அதே முறையைக் குழுவுக்குக் கொண்டுவந்தார். யாராவது கேட்டால், அவர்கள் கதையைப் படித்து, போனை மூடிவைத்துவிட்டு, பார்க்காதவளுக்குச் சொல்வதுபோல் குரல் பதிவாகச் சொல்வார். முகத்தைக் கோணுவது குரலிலேயே வந்துவிடும். கடைசியில் இரண்டு விஷயம் சேர்ப்பார். சொல்லும்போது தான் எதை மறந்தார், அது கதைக்குத் தேவையா என்று பார்க்கச் சொல்வார். எழுதியவர் எழுதாத எதைத் தானாகச் சேர்த்துச் சொன்னார், அது கதையில் இல்லாமல் போன ஒன்றா என்று பார்க்கச் சொல்வார். “மறந்தது இது, சேத்தது இது. மத்தபடி உன் இஷ்டம்” என்று முடிப்பார். நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தை இருக்காது. இதைத் தனியாக, எழுதியவருக்கு மட்டும் அனுப்புவார். குழுவில் அவரை ‘திருச்சானூர் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். எழுதுகிறவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் பிரியங்கா. வயது இருபத்தாறு, சித்தூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறார். குழுவில் நன்றாக எழுதுகிறவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் அவர் பெயரைச் சொல்வார்கள். பெங்களூரில் மாலதி தங்கியிருந்த அறையை அவர் எழுதியதைப் படித்து சுமித்ரா மாடியிலேயே அழுதிருக்கிறார். கணவர் தமிழரசு அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு மேலே வந்தார். திருப்பதிக்கும் திருச்சானூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

“இன்னா ஆச்சி?”

“மாலதி தனியா துன்னுக்கினு கீறா.”

“யாரு மாலதி?”

“உனக்கு சொன்னா புரியாது.”

“டிவிக்காரனே அவள வுட்டுட்டான். நீ ஏன்டி கட்டிக்கினு அழுவுற” என்று சொல்லிவிட்டு கேரியரைத் திறந்தார் தமிழரசு.

பிரியங்காவின் கதையில் மாலதி மெல்ல மெல்ல வீட்டை நோக்கி வந்தாள். வாரத்துக்கு ஒரு பகுதி. சுமித்ரா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லுவார், பிரியங்கா திருத்துவார். இருவரும் நேரில் பார்த்ததில்லை. போனில்கூட நேராகப் பேசியதில்லை. போர்வை படபடக்கும் சத்தத்தோடு வரும் ஒரு குரல், அதற்குப் பதிலாகக் கடை மூடும் நேரத்தில் ஷட்டர் இறங்கும் சத்தத்தோடு வரும் இன்னொரு குரல். அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் ஒரு வாரம் பகுதி வரவில்லையென்றால் சுமித்ராவுக்கு எதையோ தொலைத்ததுபோல இருக்கும்.

இருபதாம் பகுதியில் மாலதி வீடு திரும்பினாள். இருநூற்றுப் பதினாறு பேர் சூப்பர் என்றார்கள். பிரியங்கா சுமித்ராவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்: ‘அக்கா, இதுதான் முக்கியமான பகுதி. உடனே சொல்லு.’

சுமித்ரா சொல்லத் தொடங்கினார்.

“கேளுங்கடி. மாலதி வர்றா. கையில பெட்டி. கதவு பப்பரப்பான்னு தொறந்துக்கினு கீது. உள்ள அத்தைக்காரி காபி போட்டுக்கினு கீறா. திரும்பிப் பாக்குறா. ‘வந்தியாம்மா’ன்றா. அவ்ளோதான்! மூணு வருஷக் கோவம், அடுப்புல பால் பொங்கறதுக்குள்ள ஆறிப்போச்சி! காபிக்கு சக்கரை போட்டாளோ இல்லியோ, மன்னிப்பு போட்டாச்சி! இந்த அம்மாவா அன்னிக்கு பெட்டிய தூக்கி வாசல்ல கடாசினது? யாருடி இது, ரெட்டைப் பொறப்பா?”

இந்த இடத்தில் கீழே வேன் ஒன்று வந்து நின்றது. கல்யாணக் கூட்டம், நெல்லூர்ப் பக்கத்து ஆட்கள். “அக்கா, ரூம்ஸ் உன்னாயா?” என்று அறை கேட்டுக்கொண்டே படிக்கட்டில் ஏறி வந்துவிட்டார்கள். சுமித்ரா பதிவைப் பாதியில் நிறுத்தி, அவசரத்தில் அனுப்பிவிட்டு இறங்கினார். மறந்தது எது, சேர்த்தது எது என்பதைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அது பிரியங்காவுக்குப் போகவில்லை. குழுவுக்குப் போனது.

கல்யாணக் கூட்டத்துக்கு எட்டு அறை ஒதுக்கி, மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் ஒரே மாடியில் கொடுக்கக்கூடாது என்ற பிரச்சினையைத் தீர்த்து, போனைக் கையில் எடுப்பதற்குள் குழுவே சிரித்து முடித்திருந்தது. ‘சக்கரை போட்டாளோ இல்லியோ’ என்பதை யாரோ படமாகச் செய்து போட்டிருந்தார். அதற்கு இன்னொருவர் காபி டம்ளர் பொம்மை சேர்த்திருந்தார். அதற்கும் கீழே ஒரு வரி: ‘பிரியங்கா குழுவிலிருந்து வெளியேறினார்.’

செயலியில் போய்ப் பார்த்தார். இருபது பகுதிகளும் இல்லை.

ரேஷ்மா கூப்பிட்டார். “அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்கே?”

“கை தவறி போட்டுட்டேன்டி. அவளுக்குத்தான் அனுப்பினது. பாதிதான் போச்சி, மீதி சொல்லவே இல்ல.”

“பாதி போறாதா? அது அவ வூட்டுக் கதைக்கா.”

“இன்னா சொல்ற?”

ரேஷ்மா சொன்னார். பிரியங்காவின் ஊர் பலமனேர் பக்கம். வீட்டில் கேட்காமல் யஸ்வந்தைக் கல்யாணம் செய்துகொண்டார். யஸ்வந்த் தெலுங்குக் குடும்பம், சித்தூரில் ஏசி மெக்கானிக். அம்மா எப்போதாவது பக்கத்து வீட்டு போனிலிருந்து இரண்டு வார்த்தை பேசுவார். அப்பா கங்கையா மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நிலமில்லாத குடும்பத்தில் பிறந்து, கூலிக்குப் போய், மாடு வாங்கி, அந்த வருமானத்தில் மகளை டிகிரி வரை படிக்கவைத்தவர்.

“வந்தியாம்மான்னு அவர் கேக்கணும்னுதான் அவ அப்பிடி எழுதியிருக்கா. நீ அதப் போயி…”

சுமித்ரா ரிசப்ஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் யாரோ வெந்நீர் கேட்டார். அவர் ஒரு சாவியை எடுத்து நீட்டினார்.

அன்றிரவு அனுப்பிய மன்னிப்புப் பதிவுக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் அனுப்பியதற்கும் வரவில்லை. ரேஷ்மா ஒரு யோசனை சொன்னார். “இருபதாம் பகுதி சூப்பரோ சூப்பர், நான் சும்மா தமாஷ் பண்ணேன்னு எழுதி அனுப்புக்கா. மனசு ஆறிடும்.”

“மாட்டேன்.”

“ஏன்க்கா? ஒரு பொய்தானே?”

“அவளுக்குத் தெரியும்டி. இத்தினி நாளா நான் சொன்னதெல்லாமும் பொய்யோன்னு நெனைப்பா. அந்த ரூம எழுதினாளே, அது நல்லா இருந்துச்சின்னு நான் அழுதது, அதுவும் பொய்யாயிடும். அப்புறம் அவ எழுதவே மாட்டா.”

அவருக்கு வேண்டியது அதுதான். பிரியங்கா தன்னிடம் பேசாவிட்டாலும் போகட்டும், எழுதுவதை விட்டுவிடக்கூடாது. மாலதி இரண்டாவது முறையும் காணாமல் போகக்கூடாது.

பொய் சொல்லாமல் என்ன செய்வது என்று சில நாள் யோசித்தார். பிறகு, இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மொட்டை மாடியில் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு ‘நம்ம கதை’ எழுதினார். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் இத்தனை வரி தொடர்ந்து எழுதியது அப்போதுதான். மாலதி பெங்களூரில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் உட்காருகிறாள். யார் யாரோ குடும்பத்தோடு வந்து தங்கிப் போகிறார்கள். ஒருநாள் மாமியார் போன் செய்கிறார். நாலு பாராவுக்குப் பேசுகிறார். ஒரு வீடு என்றால் என்ன, மருமகள் என்றால் யார், கோபம் எதனால் வருகிறது எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. மாலதி அழுகிறாள், மறுநாள் காலை வீடு வந்து சேருகிறாள். அந்த நாலு பாராவை எழுதி முடித்தபோது சுமித்ராவுக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது. தமிழரசுவிடம் படித்துக் காட்டினார். அவர் “அந்த அம்மா போன் பில்லு கட்டுவாங்களா?” என்று கேட்டார்.

கதையை பிரியங்காவுக்கு அனுப்பினார். கூடவே ஒரு குரல் பதிவு.

“பிரியா, இது நான் எழுதினது. திருப்பிச் சொல்லு. நான் உன்ன சொன்னா மாதிரியே சொல்லு, மூஞ்சக் கோணிக்கினு சொல்லு. குரூப்ல போட்டு சிரிச்சாலும் சரி, நான் இருப்பேன், ஓடமாட்டேன்.”

பதில் வரவில்லை. கதையைப் படித்ததற்கான நீல அடையாளம் மட்டும் விழுந்தது. இரண்டு வாரம் போனது. கார்த்திகை மாதம், திருச்சானூரில் பிரம்மோற்சவக் கூட்டம். மாடிக்குப் போகக்கூட நேரமில்லை. ஒரு வழியாகக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு மதியம், ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. நான்கு நிமிடப் பதிவு. பிரியங்கா.

முதலில் குரல் தயங்கியது. பிறகு ஓடத் தொடங்கியது.

“சரி, கேளு. மாலதி ஓட்டல்ல வேல பாக்குறா. யாரு வந்தாலும் ‘எத்தினி பேரு’ன்னுதான் கேப்பா. ஒரு பொண்ணு தனியா வர்றா, ‘ஒருத்திதான்’ன்றா. அத எழுதும்போது மாலதியோட பேனா நின்னுபோவுது. அத்தை போன் பண்றாங்க. ஏதோ பேசறாங்க. மாலதி கெளம்பிட்டா. பஸ்ஸு. எறங்கினா. உடனே போவல. கடையில ஒக்காந்துக்கினா. சாயங்காலம் மாடு கறக்குற நேரம் பாத்து வூட்டுக்குப் போனா. அத்தை கறந்துக்கினு இருந்தாங்க. இவ போயி பக்கத்துல நின்னா…”

இன்னும் கொஞ்சம் ஓடி, பதிவு நின்றது. மறந்தது, சேர்த்தது என்று எதுவும் சொல்லவில்லை.

சுமித்ரா கையில் போர்வையோடு அப்படியே நின்றார். நாலு பாரா! இரண்டு நாள் யோசித்து எழுதிய நாலு பாரா! ‘ஏதோ பேசறாங்க.’ அந்தப் பெண்ணுக்கு இன்னும் கோபம் தீரவில்லை, வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று தோன்றியது.

சாப்பாட்டோடு வந்த தமிழரசுவிடம் சொன்னார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஊருக்கெல்லாம் ஊசி போட்டுக்கினு இருந்தியே, இப்ப உனக்கு ஒண்ணு போட்டதும் சுருக்குன்னுதா?”

“சிரிக்காத. வலிக்குது.”

“அவளுக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?”

சுமித்ரா சாப்பிட்டு முடித்து, தன் கதையை எடுத்து அந்த நாலு பாராவையும் விட்டுவிட்டுப் படித்தார். ஒன்றும் குறையவில்லை. பதிவை இன்னொரு முறை கேட்டார். இந்த முறை ‘மாடு கறக்குற நேரம்’ என்ற இடத்தில் நிறுத்தினார். திரும்ப வைத்தார். பிறகு பிரியங்காவின் எண்ணை அழுத்தினார். முதல் முறையாக நேராக.

“அக்கா?” என்றது அந்தப் பக்கம். பின்னால் யாரோ பவர் எவ்வளவு என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார். “இரு, வெளிய வரேன்.”

கடைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“என் அத்தை பேச்ச முழுங்கிட்டியேடி” என்றார் சுமித்ரா.

“ஏதோ பேசினாங்கன்னு சொன்னேனே.”

“நாலு பாரா அது!”

“நீதானேக்கா சொல்லுவே, சொல்றவளுக்கு ஞாபகம் வரலேன்னா…”

“தெரியும், தெரியும். என் கத்திய எனக்கே காட்டாத. எடுத்துட்டேன், போ.”

பிரியங்கா சிரித்தார். சின்னச் சிரிப்புதான், ஆனால் சிரிப்பு. “அந்தத் தனியா வந்த பொண்ணு நல்லாருந்துதுக்கா. அத நான் மறக்கவே இல்ல.”

“அத நான் யோசிக்கவே இல்ல, அது பாட்டுக்கு வந்துச்சி” என்றார் சுமித்ரா. “குரூப்ல போட்டது என் தப்பு பிரியா. உன் வூட்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.”

“எப்படிச் சொல்லியிருப்பே? நல்லாருக்குன்னா?”

“இல்ல. அதையேதான் சொல்லியிருப்பேன். மெதுவா சொல்லியிருப்பேன்.”

“அதுவும் சரிதான்” என்றார் பிரியங்கா.

“ஒண்ணு கேக்கட்டா? அந்த பங்களாவுல மாடு எங்கருந்து வந்துச்சி?”

“எந்த மாடு?”

“நீ சொன்ன மாடு. அத்தை கறந்துக்கினு இருந்தாங்கன்னியே. தொங்கு வெளக்கு கீழயா கறந்தாங்க?”

“நான் சொன்னேனா?”

“போட்டுக் காட்டட்டா?”

“வேணாம்.” குரல் இறங்கியது. “எனக்கே தெரியலக்கா. சொல்லிட்டேன் போல.”

“ஏன் கறக்குற நேரம்?”

சித்தூர் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. அது கடந்ததும் பிரியங்கா தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

“எங்க வூட்ல நைனாதான் கறப்பாரு. ஒக்காந்துட்டா எழுந்திருக்க முடியாதுக்கா. பாதியில வுட்டா மாடு பால அடக்கிக்கும், அடுத்த வேளைக்கும் ஒழுங்கா சொரக்காது. பால் வண்டி வேற டைமுக்கு வந்துடும். மத்த நேரத்துல நான் போனா, அவரு எழுந்து உள்ள போயிடுவாரு. கதவ சாத்திக்குவாரு. கறக்கும்போது போனா… அவரு ஒக்காந்துதான் ஆவணும். பேசாட்டியும் பரவால்ல. நான் பேசறது காதுல வுழும்.”

மாடியில் போர்வைகள் அடித்துக்கொண்டன. சுமித்ரா ஒரு முனையைப் பிடித்து நிறுத்தினார்.

“இதெல்லாம் எப்ப யோசிச்சே?”

“எப்பவும்தான்.”

“இருபதாம் பகுதியில ஏன்டி இது இல்ல?”

“அந்த வூட்ல மாடு இல்லியேக்கா.”

“அந்த மாடு எனக்கு வேணாம் பிரியா. என் கதையில அதுக்கு எடமில்ல. அது உன்னுது. ஓட்டிக்கினு போயி உன் கதையில கட்டு.”

“ஒத்துக்குவாங்களா? சீரியல்ல இல்லாதத வெச்சா சண்டைக்கு வருவாங்க.”

இது குழுவின் பெரிய சட்டம். நீலவேணி இல்லத்தில் எத்தனை படிக்கட்டு, பூஜை அறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். மாற்றி எழுதினால் விடமாட்டார்கள். சுமித்ரா கொஞ்சம் யோசித்தார்.

“பின்பக்கம் கார் ஷெட்டு கீது இல்ல? சின்ன மகன் கார வித்தப்புறம் அது காலிதான். அங்க கட்டு. மாலதி போன பின்னால அத்தை வாங்கினதா வெச்சிக்கோ.”

“அவ்ளோ பணக்காரங்க மாடு எதுக்கு வாங்குவாங்க?”

“அத நீதான் சொல்லணும்.”

“பேசறதுக்கு ஆளில்லாமதான்” என்றார் பிரியங்கா.

அடுத்த வாரம் இருபது பகுதிகளும் செயலிக்குத் திரும்பின. இருபதாவது மட்டும் புதிது. மாலதி சாயங்காலம் வருகிறாள். முன்வாசலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறாள். ஷெட்டில் மாமியார் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். கை ஒரு கணம் நிற்கிறது, மறுபடி கறக்கிறது. மாலதி பக்கத்தில் நின்று பெங்களூர் அறையைப் பற்றி, அங்கே தண்ணீர் வராத நாட்களைப் பற்றி, தனியாகச் சாப்பிட்டதைப் பற்றிச் சொல்கிறாள். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் மட்டும் பதிலாக இருக்கிறது. பகுதி அங்கேயே முடிகிறது. மன்னிப்பு இல்லை, காபியும் இல்லை.

சூப்பர் குறைந்துவிட்டது. அறுபதைக்கூடத் தாண்டவில்லை. ‘இந்த வீட்டில் மாடு ஏது?’ என்று பலர் கேட்டார்கள். ‘மாமியார் பேசவே மாட்டாரா, இது என்ன கதை?’ என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். குழுவில் அதுவரை வாய் திறக்காத செங்கல்வராயன் என்பவர், குடியாத்தத்துக்காரர், முதல் முறையாக எழுதினார்: ‘கறவையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். நின்றுகொண்டே இரம்மா.’ ரேஷ்மா அதை எடுத்து குழுவின் மேலே ஒட்டிவைத்தார். பிரியங்கா குழுவுக்குத் திரும்பியது அதற்கு அடுத்த நாள்.

சுமித்ரா வழக்கம்போல் திருப்பிச் சொன்னார். இந்த முறை அனுப்பும் முன் யாருக்குப் போகிறது என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார். முகம் கோணவில்லை. கோண இடமில்லை. கடைசியில், “மறந்தது எதுவும் இல்ல. சேத்தது ஒண்ணு கீது. மாட்டுக்கு நீ பேர் வெக்கல, நான் சொல்றப்ப லட்சுமின்னு சொல்லிட்டேன். மத்தபடி உன் இஷ்டம்” என்றார்.

ஷட்டர் இறங்கும் சத்தத்தோடு பதில் வந்தது. “எங்க நைனா பேரெல்லாம் வெக்கமாட்டாருக்கா. வெச்சா விக்க முடியாதும்பாரு. ஆனா ஒண்ணே ஒண்ண மட்டும், நான் காலேஜுக்குப் போன வருஷம் பொறந்தத, ‘பொண்ணு’ன்னு கூப்புடுவாரு. அது இன்னும் கீதாம். அம்மா சொன்னாங்க.”

சுமித்ரா அதை ஒரு முறைதான் கேட்டார். பிறகு கூப்பிட்டார்.

“அடுத்த பகுதியில அத்தை இன்னா சொல்றாங்க?”

“அதான் தெரியல. உக்காந்து உக்காந்து பாக்குறேன், ஒரு வரி வரல. எல்லாரும் கேக்கறாங்க. ஏதாவது போட்டுடட்டுமா?”

“தெரியாதத போடாத. திரும்பவும் காபிதான் வரும்.”

“அப்ப எப்பதான்க்கா தெரியும்?”

சுமித்ராவுக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. மறந்தது இது, சேர்த்தது இது என்பதற்கு மேல் அவர் யாருக்கும் எதையும் சொன்னதில்லை. கொடியிலிருந்து காய்ந்த போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். அந்தப் பக்கம் பிரியங்கா யாரிடமோ போனைத் தள்ளிப் பிடித்துத் தெலுங்கில் பேசுவது கேட்டது. யஸ்வந்தாக இருக்க வேண்டும். ஊருக்கு நானும் வரட்டுமா என்று அவர் கேட்கிறார். வேண்டாம், முதலில் நான் மட்டும் என்கிறார் பிரியங்கா.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. சித்தூரிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, சாயங்காலக் கறவைக்கு முன்னால் பலமனேர் போய்விடும். பிரியங்கா அதில் போகிறார்.